வாதமும் அநுஷ்டானமும்: வல்லபதேவன் சபை முதல் சிவகாசி வரை

சபையில் ஒரு பக்ஷம் வெல்வதும், அந்தப் பக்ஷத்தின்படி ஊர் நடப்பதும் ஒன்றா என்பது பழைய கேள்வி. பொதுவில் நிகழும் வாதத்தால் மனிதரின் எண்ணம் மாறுகிறதா, எண்ணம் மாறினாலும் நடத்தை மாறுகிறதா என்று இன்று கேட்பவர்களும் இதையே கேட்கிறார்கள். இதற்கு விடை தேட விருதுநகர் மாவட்டத்தைவிடத் தகுந்த நிலம் கிடைப்பது அரிது. வாதத்தில் வென்று பொற்கிழி பெற்ற பெரியாழ்வாரின் ஸ்ரீவில்லிபுத்தூர் இம்மாவட்டத்தில்தான் உள்ளது. கோயில் வாசலில் யார் நுழையலாம் என்ற வழக்கில் தீப்பற்றி எரிந்த சிவகாசி அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வாதம் செய்யக்கூடியது எது, செய்ய இயலாதது எது என்பது ஒருவாறு விளங்கும்.

1. பொற்கிழி தாழ்ந்த சபை

ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் கூறும் வரலாறு ஸ்ரீவைஷ்ணவர் அனைவரும் அறிந்தது. பாண்டியன் வல்லபதேவன் மறுமைக்குரியதைத் தேட விரும்பித் தன் புரோகிதர் செல்வநம்பியைக் கேட்டான். வித்வான்களைக் கூட்டிப் பரதத்துவத்தை நிர்ணயிக்கச் செய்யலாம் என்று அவர் கூறினார். மதுரையில் பொற்கிழி கட்டப்பட்டது. வடபெருங்கோயிலுடையானின் நியமனப்படி விஷ்ணுசித்தர் அங்கே எழுந்தருளிப் பிரமாணங்களால் பரத்துவத்தை ஸ்தாபிக்க, கிழி தானே தாழ்ந்து கொடுத்தது. இவ்வரசனை ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்று கருதும் சரித்திர ஆசிரியர் பலர் உண்டு.

நியாய சாஸ்திரம் கதையை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிவதற்காக நிகழ்வது வாதம். வெற்றிக்காக நிகழ்வது ஜல்பம். தனக்கென ஒரு பக்ஷம் இல்லாமல் பிறர் பக்ஷத்தைக் கெடுப்பதற்கென்றே நிகழ்வது விதண்டை. வல்லபதேவன் சபை இவற்றுள் முதல் வகையைச் சேர்ந்ததாவது, அரசன் கேட்டது மெய்யாகவே அறிய விரும்பிய கேள்வி என்பதனால். அறிய வேண்டும் என்ற ஆவல் கேட்பவனிடம் முன்பே இருந்தது. வாதம் அவ்வாவலுக்கு வழி காட்டியது, ஆவலை உண்டாக்கவில்லை.

வென்றபின் ஆழ்வார் செய்ததும் கவனிக்கத்தக்கது. பட்டத்து யானையின்மேல் ஊர்வலம் நடந்தது. அப்போது ஸேவை சாதித்த எம்பெருமானுக்கு என்ன நேருமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். பின்னர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மீண்டு, முன்போலவே நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிச் சமர்ப்பித்தார். சபையில் வென்ற பொருள் தோட்டத்தில் அநுஷ்டானமாக நின்றது. சபை ஒரு நாளில் முடிந்தது. கைங்கரியம் ஆயுள் முழுவதும் நடந்தது.

2. பெரியநம்பிகள் கொடுத்த விலை

நடத்தையை நேரே தொட்ட வாதம் ஒன்றும் சம்பிரதாயத்தில் உண்டு. ஆளவந்தாரின் சிஷ்யர்களுள் மாறனேரிநம்பி தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலத்தில், பாண்டிநாட்டில் பிறந்தவர். (சிவகாசியை அடுத்து மாரனேரி என்று ஓர் ஊர் இன்றும் உண்டு. பெயரின் ஒற்றுமை ஒன்றைக்கொண்டு இரண்டையும் இணைத்தல் ஆகாது.) அவர் திருநாட்டுக்கு எழுந்தருளியபோது, அவருடைய சரம கைங்கரியத்தைப் பெரியநம்பிகள் பிரஹ்மமேத விதியாகத் தாமே செய்தார். ஊரார் அவரை விலக்கினர். எம்பெருமானார் காரணம் கேட்க, பெருமாள் ஜடாயுவுக்குச் செய்ததையும் தர்மபுத்திரர் விதுரருக்குச் செய்ததையும் எடுத்துக்காட்டி, இராமபிரானைவிட நான் உயர்ந்தவனோ, அப்பறவையைவிட இவர் தாழ்ந்தவரோ என்ற கருத்தில் அவர் விடை அருளினார்.

இங்கு முறை மாறியிருப்பதைக் காணலாம். பெரியநம்பிகள் சபை கூட்டி நிர்ணயம் செய்துகொண்டு பிறகு காரியத்தில் இறங்கவில்லை. காரியம் முதலில் நடந்தது. அதற்குரிய விலையாக ஊர்விலக்கு வந்தது. கேள்வி பிறந்தபோதுதான் வாதம் வந்தது. அந்த வாதத்துக்கு வலிமை தந்தவை பிரமாண வாக்கியங்கள் மட்டுமல்ல. சொன்னவர் அதன்பொருட்டு இழந்ததும்தான்.

பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணமும், அவருடைய திருத்தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயமும் பாகவதர்களிடத்தில் பிறப்பை ஆராய்வதைக் கடிந்து பேசுகின்றன. ஆசார்ய ஹ்ருதயத்தில் அந்த விசாரம் முடியும் இடத்தில் நிற்பவை தர்க்க வாக்கியங்கள் அல்ல, பெரியோர்களின் நடத்தைகள். எம்பெருமானார் நீராடி மீளும்போது பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பற்றி எழுந்தருளியதைப் போன்ற செயல்களே அங்குப் பிரமாணமாகின்றன. சிஷ்டாசாரம் என்பதன் பொருள் இதுவே. ஒருவர் நடந்துகாட்டியது, பின்வருவோர் எடுத்துக்காட்டும் சொல்லாகிறது.

3. உரையில் வென்றதும் வாசலில் நின்றதும்

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. இந்தச் சூர்ணைகள் அறுநூறு ஆண்டுகளாகக் காலக்ஷேபத்தில் ஓதப்பட்டன. மணவாள மாமுனிகள் அவற்றுக்கு விரிவான வியாக்கியானம் அருளினார். வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவ வ்யவஸ்தாதிகாரத்தில், பாகவதனுக்குரிய பெருமையை ஒப்புக்கொண்டு, அது ஜாதி வியவஸ்தையைக் கலைப்பதாகாது என்று வரம்பு வகுத்தார். இருபாலாரும் இதுபற்றி நூற்றாண்டுக்கணக்கில் நுட்பமாக வாதித்தனர். ஆயினும் எந்தப் பக்ஷத்தின் வாதத்தாலும் ஒரு கோயிலின் வெளிவாசலில் நின்றவர்கள் உள்ளே வந்துவிடவில்லை. பாகவதனாக ஏற்கப்பட்ட ஒருவரைப் பற்றியே அந்த வாதம் நிகழ்ந்தது. ஏற்கப்படாமல் வாசலில் நின்ற கூட்டம் அதன் விஷயமாகவே ஆகவில்லை. யாரைப் பற்றியது என்று வரையறுக்கும் இடத்திலேயே வாதத்தின் எல்லை தீர்ந்துவிடுகிறது. பெரிய வாதங்கள் பலவற்றின் குறை இதுதான்.

4. கமுதியும் சிவகாசியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கூட்டமே வழக்காளியாக வந்தது. அப்போது சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் சமூகத்தினர் வாணிகத்தால் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, கமுதி முதலிய ஊர்களில் உயர்ந்திருந்தனர். 1897-இல் கமுதி மீனாக்ஷி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்ததை எதிர்த்து, அதன் பரம்பரை தர்மகர்த்தாவான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மதுரை நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். பல சமூகத்தாரும் சாட்சி கூறினர். சாஸ்திரமும் புராணமும் பழவழக்கமும் விசாரிக்கப்பட்டன. அரசன் கூட்டிய சபைக்குப் பதிலாக ஆங்கில அரசின் நீதிமன்றம் பரீக்ஷை மண்டபமாக நின்றது.

அவ்விசாரணை முடிவுக்கு வரும் தறுவாயில், 1899 ஜூன் 6-ஆம் நாள் சிவகாசி தாக்கப்பட்டது. அங்கே விசுவநாதசுவாமி கோயில் நுழைவு பற்றி எழுந்த பகை பல்லாயிரவர் திரண்ட கலவரமாயிற்று. இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. அதே ஆண்டு ஜூலையில் மதுரை நீதிமன்றம் கமுதி வழக்கில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1901-இல் சென்னை உயர்நீதிமன்றமும், 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தன. தீர்ப்பின் ஆணிவேர், நெடுங்கால வழக்கம் அவர்களை அனுமதிக்கவில்லை என்பது.

தமிழில் வழக்கு என்னும் சொல் ஊர் நடப்பையும் குறிக்கும், நீதிமன்றத்தில் நிற்கும் தாவாவையும் குறிக்கும். கமுதியில் இந்த இரண்டு பொருளும் எதிரெதிரே நின்றன, நடப்பு வென்றது. பதினோராண்டு வாதத்தின் பயன் சூனியம் என்று இதைக் கொண்டு கூறலாமா?

கூறலாகாது. அதுவரை, இன்னார் உள்ளே வரலாகாது என்பதற்கு யாரும் காரணம் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. காற்றும் வெயிலும்போல அது இயல்பு என்று நின்றது. வழக்கு வந்தபின் அதற்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது. நூல் காட்ட வேண்டியிருந்தது. கடல்கடந்து வழக்கறிஞரை வைத்து வாதாட வேண்டியிருந்தது. இயல்பு என்றிருந்தது ஒரு பக்ஷமாகிவிட்டது. பக்ஷம் என்று ஒன்று ஆனவுடன் அதற்குப் பிரதிபக்ஷம் உண்டு. ஒரு நாள் தோற்கவும் கூடும். பொதுவாதம் செய்யும் முதற்பெரும் காரியம் இது. மனத்தை அது உடனே மாற்றுவதில்லை. கேட்கப்படாதிருந்ததைக் கேள்விக்குரியதாக ஆக்குகிறது.

5. சபைக்கு வெளியே

நடத்தை மாறியது வேறு இடத்தில். நீதிமன்றம் வருவதற்கு முன்பே, 1889-இல், விருதுபட்டி நாடார்கள் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வணிகர் தத்தம் வியாபாரத்திலிருந்து பொதுவுக்குக் கொடுக்கும் மகமையும், வீடுதோறும் உலையில் இடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியும் கல்விக்கு உதவின. அந்தப் பள்ளியில் படித்த சிறுவர்களுள் ஒருவர் 1903-இல் பிறந்த காமராசர். 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921-இல் அரசு தன் ஆவணங்களில் நாடார் என்ற பெயரை ஏற்றது. 1920களில் சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். மழை பொய்த்த கரிசல்காட்டில் தீப்பெட்டியும், பின்னர் பட்டாசும் அச்சும் தழைத்தன. கோயில் வாசலில் மறுக்கப்பட்ட மதிப்பைக் கடைவீதியும் பள்ளிக்கூடமும் ஈட்டின.

இம்மாறுதலில் ஒரு செய்தி தனியே எண்ணத்தக்கது. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று ஆணையிட்டார். அவரும் வாசலில் நிறுத்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். தமக்குத் திறந்த கதவைத் தமக்குப் பின்னால் வருபவருக்கும் திறப்பது எளிதன்று. முன்னேறிய சமூகங்கள் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. அவர் பஸ் முதலாளிகளின் மனம் திரும்பும்வரை காத்திருக்கவில்லை. அவர்கள் மனத்தில் எது இருந்தாலும் பஸ்ஸில் இடம் கிடைத்தாக வேண்டும் என்றார். நடத்தை முன்னே செல்ல, மனம் பின்னே வரட்டும் என்பது அந்த ஆணையின் தத்துவம்.

6. குருவாயூரும் மதுரையும்

1932-இல் குருவாயூரில் இது வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது. கேளப்பன் உண்ணாநோன்பிருந்த பின், கோயில் அமைந்த பொன்னானி தாலுகாவின் ஹிந்துக்களிடம் ஆலயப்பிரவேசம் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. வாக்களித்தவருள் பெரும்பான்மையோர் நுழைவை ஆதரித்தனர். எண்ணம் மாறிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆயினும் தர்மகர்த்தாவான சாமூதிரி இசையவில்லை. கதவு திறந்தது 1947-இல். எண்ணத்துக்கும் நடத்தைக்கும் இடையே அந்த ஒரு கோயிலில் பதினைந்து ஆண்டுகள் இருந்தன.

இதற்கு மாறாக, திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12-இல் அரசர் ஒரே பிரகடனத்தால் தம் ஆட்சிக்குட்பட்ட கோயில்களைத் திறந்தார். ஆழ்வார் மங்களாசாஸனம் பெற்ற அனந்தபுரமும் திருவாட்டாறும் அவற்றுள் அடங்கும். மதுரையில் அரசர் இல்லை. அங்கே 1939 ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய ஆதிதிராவிட அன்பர்களோடும் விருதுநகர் சண்முக நாடாரோடும் மீனாக்ஷியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். கோயில் நிர்வாகியாயிருந்த ஆர். எஸ். நாயுடு துணைநின்றார். பட்டர்களுள் சிலர் பூஜை செய்ய மறுத்து விலகினர். அன்றைக்குச் சட்டம் இன்னும் நிறைவேறவில்லை. ராஜாஜியின் அமைச்சரவை, நுழைந்தவர்களையும் அனுமதித்தவர்களையும் காக்க விரைந்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவே அவ்வாண்டின் ஆலயப்பிரவேச அங்கீகாரச் சட்டமாயிற்று. 1947-இன் சட்டம் மாகாணம் முழுதுக்கும் அதை உரிமையாக்கியது.

இங்கும் பெரியநம்பிகள் காட்டிய முறையே திரும்புகிறது. செயல் முதலில், சட்டமும் சமாதானமும் பிறகு. செய்தவர் தம் ஜாதியாரின் பகையை விலையாகக் கொடுத்தார். ஆனால் கமுதி வழக்கும் குருவாயூர் வாக்கெடுப்பும் அதற்கு முந்திய பல்லாண்டுச் சொற்போரும் இல்லாதிருந்தால், அந்தச் செயல் வெறும் அத்துமீறலாகவே எண்ணப்பட்டிருக்கும். 1897-இல் கமுதியில் நுழைந்தவர்கள் குற்றவாளிகளாயினர். 1939-இல் மதுரையில் நுழைந்தவர்களைச் சட்டம் காத்தது. இரண்டு நுழைவுக்கும் இடைப்பட்ட 42 ஆண்டுகளில் வாதம் செய்த வேலை அதுவே. வாதம் வழியைச் சமைத்தது. அதில் நடந்து சென்றது வேறு கால்கள்.

7. பட்டாசு நிலத்தின் இன்றைய வாதம்

சிவகாசியைப் பற்றிய பொதுவாதம் இன்றும் ஓயவில்லை, பொருள்தான் மாறியுள்ளது. தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்கிய சிறுவர்களைப் பற்றி 1980களில் நாடெங்கும் பேசப்பட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியை முன்னிட்டு எழுந்த எம். சி. மேத்தா வழக்கில், 1996 டிசம்பர் 10-இல், விதியை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்சநீதிமன்றம் விதித்தது. பள்ளியில் மதிய உணவும் கிடைத்தது. இவற்றோடு, பிள்ளையின் கூலியை இழந்தாலும் பரவாயில்லை என்று அவனைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மாரையும் எண்ண வேண்டும். மேடையில் பேசியவர் எவரையும்விட அதிக விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

பட்டாசின் புகை பற்றிய வாதம் இவ்வளவு தெளிவாக முடியவில்லை. 2018 அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்து, தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் அளித்தது. அந்த இரண்டு மணி நேரத்தைத் தமிழ்நாட்டு அரசு காலை ஒன்று, மாலை ஒன்று என்று பிரித்தது. தீர்ப்பை அறியாதார் இல்லை. அந்த நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும் வீடுகள் சில. காரணம் வெளிப்படை. வாதத்தில் கலந்துகொள்ளும் நகரத்தார் இழப்பது ஓர் இரவின் களிப்பு. அதையும் பலர் இழக்க மனம் கொள்வதில்லை. இழப்பு முழுவதும் விழுவது திரி செருகியும் மருந்து கலந்தும் பிழைக்கும் கூலிக்காரர்மேல். தொழில் நடந்தாலும் அவர்களுக்கு ஆபத்து. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலை வெடித்து 40-க்கு நெருங்கிய உயிர்கள் போனதை அந்நிலம் மறவாது. தொழில் நின்றாலும் அவர்களுக்கே பசி. வாதத்தின் விலையை வாதிப்பவர் கொடாமல் பிறர் கொடுக்கும்போது, அது எந்தப் பக்ஷத்தைச் சார்ந்ததாயினும் ஜல்பமாகிவிடுகிறது.

8. நிகமனம்

இவ்வரலாறுகளால் தேறும் பொருள் இரண்டு. பொதுவாதம் வீண் அன்று. இயல்பாய் நின்ற அநீதியைப் பக்ஷமாக்கி, காரணம் சொல்ல வேண்டிய நிலைக்கு அதைக் கொண்டுவருகிறது. ஆனால் வாதம் மட்டும் நடத்தையை மாற்றியதில்லை. அதன் பொருளைத் தன்மேல் ஏற்று இழப்புக்கு உடன்பட்ட ஒருவர் நடந்துகாட்டியபோதும், அதிகாரமுள்ளவர் அதை விதியாக்கியபோதும்தான் ஊர் மாறியிருக்கிறது. விதியினால் மாறிய நடத்தையைப் பார்த்து வளர்ந்த அடுத்த தலைமுறைக்கு அதுவே வழக்கமாகிறது.

பூர்வாசார்யர்களின் வியாக்கியானங்களைக் கற்போர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. மாறனேரிநம்பியின் சரிதத்தைச் சொல்லும்போது, பெரியநம்பிகள் காட்டிய பிரமாணங்களை விரித்துரைப்பதோடு நின்றுவிடுவது எளிது. அவரை ஊர் விலக்கியது என்பதையும், அவ்விலக்கை அவர் ஏற்றார் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஜடாயுவின் சரிதத்தை அறியாதார் அன்றும் இல்லை. அதை அறிந்த ஊரில் ஒருவர்தான் அதன்படி செய்தார்.